மார்கழி, தை விடுமுறையில் கடல் நீச்சல்: கொங்குப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் கடலுக்குக் கிளம்பும்போது பெரும்பாலும் வேலையைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். முதலில் தங்கும் அறை, அப்புறம் டிக்கெட், கடைசியில் கரையில் நின்றுகொண்டு, "தண்ணி சில்லுனு இருக்குமாங்க?" என்ற கேள்வி. அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது.

சரியான வரிசை இதுதான்: எந்த மாதம், அந்த மாதத்தில் எந்தக் கரை அமைதி, அங்கே தண்ணீர் எத்தனை டிகிரி, அந்த டிகிரி உங்கள் வீட்டு ஆட்களுக்கு ஒத்துக்கொள்ளுமா, நாளில் எந்த நேரம். நீந்தத் தெரிந்தவர்களுக்கும், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குளித்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதே வரிசைதான்.

கிளம்புமுன் கையில் இருக்க வேண்டியவை

மீன் தொட்டிக்கு வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். வண்ண மீன் விற்கும் கடைகளில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. உடம்புச் சூட்டை ஒட்டிய டிகிரிகளை மட்டும்தான் அது காட்டும்.

ஆளுக்கு இரண்டு துண்டு (ஒன்று துவட்ட, ஒன்று போர்த்த), குழந்தைகளுக்குக் கை நீண்ட நீச்சல் உடை, பிளாஸ்க்கில் சூடாகக் குடிக்க ஏதாவது. நீந்தத் தெரியாதவர்கள் இருந்தால் அளவு சரியான லைஃப் ஜாக்கெட். காற்றடித்த டியூபை நம்ப வேண்டாம். கரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசினால் டியூபோடு ஆளையும் உள்ளே கொண்டுபோய்விடும்.

1. முதலில் உங்கள் ஊர்த் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள்

வலைத்தளத்தில் "கடல் வெப்பம் 27 டிகிரி" என்று படித்தால் அது சூடா, குளிரா என்று யாருக்கும் சட்டென்று தெரியாது. காற்று 27 டிகிரி என்றால் நமக்கு இதமான நாள். தண்ணீர் 27 டிகிரி என்பது வேறு கணக்கு. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். அதனால் தண்ணீர் டிகிரியைத் தண்ணீரோடுதான் ஒப்பிட வேண்டும்.

தோட்டத்துக் கிணறு இருந்தால் வேலை எளிது. காலையில் ஒரு வாளி இறைத்து உடனே தெர்மாமீட்டரை விட்டு, மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். நிலத்தடி நீர் அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பத்தை ஒட்டியே இருக்கும். சமவெளிக் கொங்கில் அது 26, 27 டிகிரிக்குப் பக்கம். மார்கழி விடியலில் வெளியே 18, 19 டிகிரி இருக்கும்போது கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தெரிவது இதனால்தான். தண்ணீர் சூடேறவில்லை, காற்று இறங்கியிருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணூறு, ஆயிரம் அடி ஆழத்திலிருந்து வருவது பூமிச் சூட்டோடு வரும், கணக்கு தவறிவிடும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரும் ஆகாது. இரவில் குளிர்ந்து பகலில் கொதிக்கும்.

கிணறு இல்லாதவர்கள் கீழ்பவானி வாய்க்காலிலோ நகர நீச்சல் குளத்திலோ அளக்கலாம். போட்டிக் குளங்களுக்கான விதி 25 முதல் 28 டிகிரி வரை. அதில் உங்கள் குழந்தை எத்தனை நிமிடம் நடுங்காமல் இருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அந்த ஒரு எண் கையில் இருந்தால் உலகத்தில் எந்தக் கடலின் டிகிரியைப் படித்தாலும் உங்களுக்குப் பொருள் புரியும்.

2. மாதத்தை வைத்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில்தான் புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தவறுகிறார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதால் மனசு தானாகவே சென்னை, புதுச்சேரி, ராமேசுவரம் என்று கிழக்கே போகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் வருவதும் அப்போதுதான். மழை விட்ட பிறகும் ஜனவரியில் வடகிழக்குக் காற்று நேராகக் கரை மீது வீசிக்கொண்டிருக்கும். அலை உயரும், ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய தண்ணீர் கலங்கியிருக்கும்.

மேற்குக் கரைக்கு நிலைமை நேர் எதிர். தென்மேற்குப் பருவமழை செப்டம்பரோடு ஓய்ந்துவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை கேரளக் கடல் ஆண்டிலேயே அமைதியாக இருக்கும் காலம். மலைத்தொடரும் நிலமும் தாண்டி வருவதால் வடகிழக்குக் காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்; அலையைக் கரைக்குத் தள்ளாது.

நமக்கு இதில் ஒரு வசதி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கினால் கோவைக்கு மிகப் பக்கத்துக் கடலே அரபிக் கடல்தான். சாவக்காடு, பொன்னானி பக்கம் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். கொச்சிக்கு வடக்கே செராய், கோழிக்கோட்டுக்கு வடக்கே காப்பாடு, தெற்கே வர்க்கலா, கோவளம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 

கோயிலுக்காக ராமேசுவரம் போகிறவர்கள் கரையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தீவின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் வடக்குப் பக்கம் கலங்கும், தெற்குப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். ஆடியில் இது அப்படியே மாறும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எந்த மாதத்திலும் இறங்காதீர்கள். இரண்டு கடலின் நீரோட்டமும் சேரும் இடம் அது.

3. நம் கரைகளின் டிகிரியைப் பாருங்கள்

கரையை முடிவு செய்த பிறகே இந்தப் படி. நம் தென்னிந்தியக் கரைகளில் குளிர்காலத்திலும் தண்ணீர் நீந்தும் சூட்டில்தான் இருக்கிறது. அதனால் இங்கே இடத்தை முடிவு செய்ய வேண்டியது அலை. டிகிரி அதற்கு அடுத்ததுதான்.

டிசம்பர், ஜனவரியில் கொச்சி முதல் கோவளம் வரை கடல் மேற்பரப்பு 28 டிகிரியை ஒட்டி இருக்கும், சில வாரங்களில் 29 வரை போகும். கோவாவில் 27, 28. சென்னையில் ஜனவரி, பிப்ரவரியில் 26, 27. அந்தமானில் 27, 28. உங்கள் கிணற்று எண்ணோடு வைத்துப் பாருங்கள். கேரளக் கடல் அதைவிடக் கொஞ்சம் சூடாகவே இருக்கும்.

கேரளக் கடல் மார்கழியிலும் சூடாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பருவமழையில் ஆறுகள் கொட்டிய தண்ணீரால் வங்கக் கடலின் மேல்மட்டத்தில் உப்பு குறைந்திருக்கும். நவம்பர் முதல் அந்தத் தண்ணீர் இலங்கையைச் சுற்றிக் கேரளப் பக்கம் வந்து சேரும். உப்பு குறைந்தது எடையும் குறைவு. அது மேலேயே பரவி நிற்கும். அடியிலுள்ள குளிர்ந்த நீர் அதோடு கலக்க முடியாமல் போவதால் சூரியச் சூடு மேல்மட்டத்திலேயே தங்கிவிடும். இந்தச் சூடு ஏறிக்கொண்டே போய் ஏப்ரல், மே மாதங்களில் 30 டிகிரியைத் தாண்டும்.

அப்புறம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே கிளம்பும். கேரளக் கரையில் ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் ஜனவரியைவிடக் குளிராக இருப்பது இதனால்தான். "கோடை லீவில் போனால் தண்ணி சூடா இருக்கும், மார்கழியில் ஆகாது" என்று நம் பக்கம் சொல்வதில் பாதிதான் சரி.

வடக்கே போகப் போகக் கதை மாறும். குஜராத், டையூ பக்கம் குளிர்காலத்தில் வறண்ட வடக்குக் காற்று கடலைக் குளிரவைக்கும். ஜனவரியில் 23, 24 டிகிரிக்கு இறங்கிவிடும். நம் உடம்புக்கு அது நீண்ட நேரக் குளியலுக்கு ஆகாது.

4. வெளிநாடு என்றால் டிகிரியை முதலில் பாருங்கள்

இங்கே வரிசையை ஒரு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் கரையில் அலை முடிவு செய்கிறது என்றால், வெளிநாட்டில் பல இடங்களில் டிகிரியே முடிவு செய்துவிடும்.

கோவையிலிருந்து நேராக விமானம் இருப்பதால் சார்ஜா, அபுதாபி வழியாக வளைகுடாவுக்கு நிறையப் பேர் போகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் அங்கே பகல் காற்று 24, 25 டிகிரி; நடந்து சுற்ற அருமையான காலம். படத்தில் கடல் பளபளவென்று நீலமாக இருக்கும். தண்ணீரோ ஜனவரியில் 22, 23, பிப்ரவரியில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. கிணற்று நீரைவிட நான்கைந்து டிகிரி கீழே. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் அதில் சந்தோஷமாக நீந்துவார்கள். நம் குழந்தைகள் ஐந்து நிமிடத்தில் பல் கிட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். கடலுக்காகவே வளைகுடா போவதென்றால் நவம்பர் முதல் பாதிக்குள் போய்விடுங்கள், இல்லையென்றால் வெந்நீர்க் குளம் உள்ள விடுதியாகப் பாருங்கள்.

காற்று ஜனவரியில் குளிர்ந்தால் கடல் பிப்ரவரியில்தான் அடிமட்டத்துக்கு வரும். தண்ணீர் சூட்டை மெல்ல வாங்கி மெல்ல விடுவதால், கடலின் பருவம் காற்றைவிட ஒரு மாதமாவது பின்தங்கியே வரும். "தை பிறந்தாச்சு, குளிர் குறைஞ்சிடுச்சு" என்று காற்றை வைத்துப் பிப்ரவரியில் டிக்கெட் எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பாரசீக வளைகுடா ஆழம் குறைந்த கடல் வேறு. அதனால் கோடையில் 33 டிகிரியைத் தாண்டிப் போவதும் குளிரில் இந்த அளவு இறங்குவதும் ஒரே கடலில் நடக்கிறது.

மாலத்தீவு எனக்குப் பிடித்த தேர்வு. ஆண்டு முழுவதும் 28, 29 டிகிரி, ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடும். செலவுதான் கை கடிக்கும்.

இலங்கையில் திசை முக்கியம். டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கு, தென்மேற்குக் கரைகள்: ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ. திருகோணமலைப் பக்கத்துக் கடல் அழகானது, ஆனால் அதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. வடகிழக்குக் காற்று நம் கிழக்குக் கரையை அடிப்பது போலவே அதையும் அடிக்கும்.

தாய்லாந்தில் புக்கெட் இந்தக் காலத்துக்கு ஏற்றது. தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். எதிர்ப்புறத்துக் கோ சாமுய் தீவில் டிசம்பரிலும் மழை இருக்கும். மலேசியாவில் மேற்குப் பக்கம் லங்காவி போகலாம். கிழக்குப் பக்கத்துச் சிறு தீவுகளில் பல விடுதிகள் பருவமழைக்காக மூடியே இருக்கும். சிங்கப்பூர்த் தண்ணீர் சூடுதான், டிசம்பரில் மழையையும் கணக்கில் வையுங்கள்.

மத்தியதரைக் கடல் நாடுகளை "வெயில் நாடு" என்று விளம்பரம் செய்வார்கள். சைப்ரஸில்கூட பிப்ரவரியில் தண்ணீர் 17 டிகிரிதான். நம் ஆட்கள் கால் நனைக்கலாம், அவ்வளவே.

5. எண்ணைச் சரியாகப் படியுங்கள்

பல தளங்கள் ஃபாரன்ஹீட்டில் காட்டும். 82 என்றால் 28 டிகிரி செல்சியஸ், 72 என்றால் 22. இரண்டுமே பெரிய எண்ணாகத் தெரிவதால் சூடு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது, காற்று வெப்பமா தண்ணீர் வெப்பமா என்று தலைப்பைப் பாருங்கள். விடுதிகளின் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் காற்று. மாதச் சராசரி என்பதும் பல வருடக் கணக்கு. உங்கள் வாரத்தில் ஒரு டிகிரி ஏறலாம், இறங்கலாம். அதற்காகப் பயணத்தை மாற்ற வேண்டியதில்லை. மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

6. டிக்கெட்டும் அறையும்

நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி 14 மகரவிளக்கு வரை சபரிமலைக் காலம். சேலம், ஈரோடு, கோவை வழியாகக் கேரளா போகும் ரயில்கள் நிரம்பி வழியும். கடல் தேதியை முன்பே முடிவு செய்யச் சொல்வதற்கு இதுவும் காரணம். கொஞ்சம் தள்ளிப்போட முடிந்தால் ஜனவரி கடைசி வாரம் மிக நல்லது. கூட்டமும் குறையும், கடலும் அமைதி. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் குடியரசு தின விடுமுறையை ஒட்டிப் பார்க்கலாம்.

அறை எடுக்கும்போது, பக்கத்துக் கடற்கரையில் உயிர்காப்பாளர் இருக்கிறாரா, எத்தனை மணி வரை என்று போன் செய்து கேளுங்கள். கோவளம், வர்க்கலா போன்ற பெரிய கடற்கரைகளில் சுற்றுலாத் துறையின் உயிர்காப்பாளர்கள் உண்டு. ஆளில்லாத தனிக் கடற்கரை என்று பெருமையாக விற்கும் இடம் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றதில்லை.

7. முந்தின நாள் கடல் நிலவரம் பாருங்கள்

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், ஒவ்வொரு கரைக்கும் அலை உயரம், நீரோட்டம், மேற்பரப்பு வெப்பம் எல்லாம் முன்கூட்டியே வெளியிடுகிறது. மீனவர்களுக்காகச் செய்வது, நமக்கும் அப்படியே உதவும். சமுத்ரா என்ற செயலியிலும் பார்க்கலாம்.

"கள்ளக்கடல்" எச்சரிக்கை இருந்தால் அன்று இறங்காதீர்கள். இந்தியப் பெருங்கடலின் தெற்கே எங்கோ அடித்த புயலின் அலை, நாட்கள் கழித்து இங்கே காற்றே இல்லாத நேரத்தில் கரை ஏறும். வானம் தெளிவாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் இது பெரும்பாலும் சித்திரை, வைகாசியை ஒட்டி வருவது. குளிர்காலத்தில் குறைவு என்றாலும் பார்த்துவிட்டுப் போங்கள்.

8. கரையில் இறங்கும் முறை

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். முதுகில் சுரைப்புரடையோ (காய்ந்த சுரைக்காய்க் கூடு) கேனோ கட்டிக் குதித்துப் பழகிய தைரியம் நல்லதுதான். ஆனால் கிணற்றில் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், களைத்தால் படியைப் பிடிக்கலாம். வாய்க்காலில் ஓட்டம் ஒரே திசை. கடலில் தண்ணீர் கரைக்கு வந்துவிட்டு, வேறொரு தடத்தில் வேகமாக உள்ளே திரும்பும். கிணற்றில் நன்றாக நீந்துகிற ஆள்தான் இதில் முதலில் மாட்டுகிறார். நீந்தத் தெரியாதவர் முழங்காலளவில் நின்றுவிடுவார்.

தண்ணீரில் கால் வைக்கும் முன் பத்து நிமிடம் உயரமான இடத்தில் நின்று கடலைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்கும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து அல்லது மண் கலங்கி, நுரை கடல் பக்கமாக ஓடுகிறதா? உள்ளிழுக்கும் ஓட்டம் அதுதான். அமைதியாகத் தெரிவதால் குழந்தைகளோடு நேராக அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

அதில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. பலசாலிக்கும் மூச்சு தீர்ந்துவிடும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். உப்புத் தண்ணீர் கிணற்று நீரைவிட நன்றாகத் தாங்கும். அப்புறம் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரை ஏறுங்கள். கையை உயர்த்தி ஆட்டினால் உயிர்காப்பாளர் பார்ப்பார்.

சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. கொடியே இல்லாத இடத்தில், வலை இழுக்கிற மீனவரிடம், "அண்ணா, இங்கே இறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மலையாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, புரிந்துகொள்வார்கள்.

நேரம் என்று பார்த்தால் காலை ஏழரை முதல் பத்து வரை நல்லது. தண்ணீரின் சூடு காலைக்கும் மாலைக்கும் பெரிதாக மாறாது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பி அலையைக் கூட்டும், உச்சி வெயில் மார்கழியிலும் தோலைக் கருக்கும். ஆறு மணிக்கே ஓட வேண்டாம். தண்ணீர் சூடாக இருந்தாலும் கரையில் காற்று குளிர்ந்திருக்கும்.

9. எப்போது வெளியே வர வேண்டும்

28 டிகிரித் தண்ணீரிலும் உடம்பு சூட்டை இழந்துகொண்டேதான் இருக்கும். உடம்பு 37, தண்ணீர் 28. ஒல்லியான குழந்தைகளுக்கு எடையோடு பார்த்தால் தோல் பரப்பு அதிகம், அதனால் இழப்பும் வேகம். உதடு நீலம் பாரித்தால், பேச்சு குழறினால், நடுக்கம் நிற்காவிட்டால் உடனே வெளியே. "இன்னும் அஞ்சு நிமிஷம் அப்பா" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அரைமணிக்கு ஒருமுறை எல்லாரையும் கரையேற்றி, துவட்டி, சூடாகக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்து மறுபடி விடலாம்.

ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ள பெரியவர்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட்டு, முகம், கை, மார்பு என்று நனைத்துக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். 25 டிகிரிக்குக் கீழே உள்ள கடலில் இது எல்லாருக்குமே பொருந்தும்.

குளிர் நிஜமாகப் பிடிப்பது வெளியே வந்த பிறகுதான். ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், கரைக்காற்று அதை இரட்டிப்பாக்கும். ஈர உடையோடு வெயிலில் காயட்டும் என்று குழந்தைகளை விடாதீர்கள். கழற்றி, துவட்டி, உலர்ந்த துணி போட்டு, தலையையும் மூடுங்கள்.

10. திரும்பும் பயணம்

கடலில் ஆடிவிட்டு வந்தால் தூக்கம் அள்ளிக்கொண்டு வரும். வண்டி ஓட்டுகிறவர் கடைசி நாளில் தண்ணீரில் இறங்காமல் இருப்பது நல்லது. இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது தூங்கிவிட்டுக் கிளம்பட்டும். கொச்சி–சேலம் நெடுஞ்சாலை நல்ல சாலை, அதனாலேயே கண் சொருகும். பாலக்காட்டில் ஒரு தேநீருக்கு நிறுத்துங்கள், ஓட்டுநரை மாற்ற முடிந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.